சாவி வைத்திருந்தவரின் மனச்சான்று

(வானொலி மறையுரை – சிறைப்பணி ஞாயிறு)



ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருச்சபை சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. அவுஸ்விட்ஸ் வதைமுகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகத் தம்மைக் கையளித்து, 1941 ஆகஸ்ட் 14 அன்று உயிர்நீத்த தூய மாக்சிமிலியன் கோல்பேயின் திருநாளை ஒட்டி இந்த ஞாயிறு வருகிறது. வழக்கமாக இந்நாளில் கைதிகளைப் பற்றிப் பேசுவோம். சிறையில் இருப்பவரைத் தேடிச் சென்றவர் தம்மையே தேடி வந்தார் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வாசிப்போம். இன்று கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சாவிக்கொத்தைக் கையில் வைத்திருப்பவர், இரவெல்லாம் பிளாக்கைச் சுற்றி வருபவர், காலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர். அவர் எதை நினைவில் வைத்திருக்கிறார்? எதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்?

பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலர்

திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில் இப்படிப்பட்ட ஒருவரைச் சந்திக்கிறோம். பவுலையும் சீலாவையும் பிலிப்பி நகர நடுவர்கள் தடியால் அடிக்கச் செய்து சிறையில் அடைக்கிறார்கள். கருத்தாய்க் காவல் செய் என்று சிறைக்காவலருக்குக் கட்டளை இடுகிறார்கள். அவ்வளவுதான் கட்டளை. ஆனால் அந்தக் காவலர் என்ன செய்தார்? அவர்களை உள்சிறையில் தள்ளினார். கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார். தொழுமரம் என்பது கால்களை அசைக்க முடியாமல் இறுக்கிப் பூட்டும் மரக்கட்டை. முதுகு முழுவதும் அடிபட்ட மனிதர்கள் மல்லாந்தும் படுக்க முடியாது, எழுந்தும் உட்கார முடியாது.

நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து போகும் இடம் இது. காவல் செய் என்று கட்டளை வந்தது. உள்சிறையும் தொழுமரமும் அந்தக் கட்டளையில் சொல்லப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. அது காவலர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. ஏன் சேர்த்தார்? பயம் காரணமாக இருக்கலாம். கைதி தப்பினால் காவலரின் உயிர் போகும் காலம் அது. நான்கு அதிகாரங்களுக்கு முன்புதான், பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட மறுநாள், காவலர்களை ஏரோது கொல்லச் சொன்னதை வாசிக்கிறோம். ஆகவே பிலிப்பியின் காவலரை நாம் கொடியவர் என்று எளிதாகத் தீர்ப்பிட வேண்டாம். பயந்த மனிதர், தம் தலையைக் காத்துக்கொள்ள, தேவைக்கு மேல் ஒரு பூட்டுப் போட்டார்.

நள்ளிரவில் நிலநடுக்கம் வருகிறது. கதவுகள் திறக்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிய காவலர் வாளை உருவித் தம்மைக் குத்திக்கொள்ளப் போகிறார். பவுல் உரத்த குரலில் அவரைத் தடுக்கிறார். தம்மைத் தொழுமரத்தில் மாட்டியவரின் உயிரைக் கைதி காப்பாற்றுகிறார். அதன் பிறகு அந்தக் காவலர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அந்த இரவு நேரத்திலேயே அவர் அவர்களின் காயங்களைக் கழுவினார். மாலையில் அந்தக் காயங்கள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அப்போது கழுவவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. கழுவு என்று கட்டளை இல்லாததால் கழுவவில்லை. நள்ளிரவிலும் எவரும் கட்டளையிடவில்லை. ஆனாலும் கழுவினார்.

அன்பர்களே, மேலிடத்துக் கட்டளைக்கும் நம் கை செய்யும் செயலுக்கும் நடுவில் சிறிய இடைவெளி ஒன்று இருக்கிறது. தொழுமரத்தைச் சேர்ப்பதும் அங்கேதான், காயத்தைக் கழுவுவதும் அங்கேதான். மனச்சான்று குடியிருக்கும் வீடு அந்த இடைவெளி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம்.

நம் ஊர்ச் சிறை

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கினால், கூவத்தை ஒட்டி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் நிற்கின்றன. நம்மில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அந்த இடம் சென்ட்ரல் ஜெயில். 1837இல் தொடங்கிய அந்தச் சிறை, 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்படும் வரை இயங்கியது. 2009இல் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன் பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்க அனுமதித்தார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள்.

வெள்ளையர் ஆட்சியில் விடுதலைப் போராட்டக்காரர்கள் அங்கு அடைக்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அரசியல் கைதிகள் வருவது நிற்கவில்லை. ஆளுகிறவர்கள் மாறினார்கள், உள்ளே போகிறவர்களின் கொடியின் நிறம் மாறியது, பூட்டும் சாவியும் மாறவில்லை. சில வேளைகளில் காவலரும் மாறவில்லை. நேற்றுத் தாம் பூட்டி வைத்த தலைவர் இன்று அமைச்சராகக் காரில் போவதைப் பார்த்து வணக்கம் வைத்த வார்டர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

1950ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். குடியரசு பிறந்து 16 நாட்களே ஆகியிருந்தன. பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் காவலர்கள் துப்பாக்கிச்சூடு நடத்தினார்கள். 22 கைதிகள் இறந்தார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள். பெரும்பாலானவர்கள் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த மலபார்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அதே ஆண்டு, சென்னை அரசால் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் முதல் பாடமாக இருக்கிறது. நீதிமன்றம் அன்று அவருக்கு உதவவில்லை.

கத்தோலிக்கராகிய நாம் இந்தப் பக்கத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். அந்நாளில் நம் திருச்சபை கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தது. கம்யூனிஸ்ட் கட்சிகளில் சேருவதைத் தடைசெய்யும் ஆணை 1949இல்தான் உரோமையிலிருந்து வந்திருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் நம் ஆயர்களும் குருக்களும் கன்னியரும் சிறைகளில் வாடிக்கொண்டிருந்த காலம். அந்த எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. ஆனால் சேலத்தில் இறந்த 22 பேர் யாருடைய பிள்ளைகள்? மத்தேயு 25இல் ஆண்டவர், சிறையிலிருந்தவன் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. புடாபெஸ்டில் நடந்தால் அநீதி, சேலத்தில் நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று நாம் இரண்டு தராசு வைத்திருக்க முடியாது.

1976 பிப்ரவரி 2

இனி இன்னும் அருகில் வருவோம். 1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தொடர்ந்து கைதுகள். மிசா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தி.மு.க., திராவிடர் கழகம் உள்ளிட்ட இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் சென்னை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கட்சி அரசியல் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று அடிபட்டவர்களின் இடத்தில் எந்தக் கட்சிக்காரர் இருந்திருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 2 இரவு, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர்கள் சிறைக்குள் அடிக்கப்பட்டார்கள். இன்றும் பொதுவாழ்வில் நாம் அறிந்த மு.க. ஸ்டாலின் அவர்களுள் ஒருவர்; அப்போது அவருக்கு 22 வயது. சென்னை மாநகராட்சியின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, இளைஞரான அவர்மேல் விழுந்த அடிகளைத் தாம் தாங்கிக்கொண்டார் என்பது பலரும் சொல்லும் சாட்சி. சிட்டிபாபு 1977 ஜனவரி 5 அன்று இறந்தார். அவர் எழுதிய சிறை டைரி பின்னர் நூலாக வெளிவந்தது.

அடித்தவர்கள் யார்? நெருக்கடி நிலை நீங்கிய பின் 1977இல் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. மயிலாப்பூர் வட்டாரத்து மூத்தவர்கள் அவரைக் கம்பன் விழா மேடைகளில் கேட்டிருப்பார்கள். இராமகாதையில் தோய்ந்த அந்த இஸ்லாமிய அறிஞர், கைதிகளையும் காவலர்களையும் அதிகாரிகளையும் விசாரித்தார். அடி விழுந்தது உண்மை என்று கண்டறிந்தார். வார்டர்களும் கன்விக்ட் வார்டர்களும் அடித்தார்கள் என்பது வெளியே வந்தது.

கன்விக்ட் வார்டர் என்றால் யார் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீண்டகாலத் தண்டனை பெற்ற கைதிகளிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, மற்றக் கைதிகளைக் கண்காணிக்கும் வேலையைச் சிறை நிர்வாகம் கொடுப்பதுண்டு. வெள்ளையர் காலத்து ஏற்பாடு அது. அந்த வேலைக்குக் கூலி, தண்டனைக் காலத்தில் குறைப்பும் சில சலுகைகளும். நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதனின் கையில் தடியைக் கொடுத்து, இன்னொரு கைதியைக் காட்டுகிறார்கள். அடிப்பவனும் சிறைப்பட்டவன், அடிபடுபவனும் சிறைப்பட்டவன். அநீதி தன் கையில் அழுக்குப் படாமல் இருக்க, ஏழையின் கையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. இது அன்றோடு முடிந்து போன தந்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில் தடுப்புக் காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். அதாவது, சிறைக்கதவு சாத்தப்பட்ட பின் உள்ளே இருப்பவருக்கு எட்டக்கூடிய சட்டம் எதுவும் மிச்சமில்லை. எஞ்சியிருந்தது ஒன்றே: பூட்டுகிறவரின் மனச்சான்று. ஒரு நாட்டின் அரசியல் சட்டம் முழுவதும் சுருங்கி, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வார்டரின் உள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் என்ன செய்தாரோ அதுதான் அன்றிரவு சட்டம்.

காவலர் எழுதாத டைரி

சிறைப்பட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் மொழியிலும் சிறைக் குறிப்புகள் நிறைய உண்டு. காவலர்கள் எழுதியது மிகக் குறைவு. ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் அந்த இரவுகளைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. ஆணையத்தின் முன் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டி வந்தபோதுதான் பலர் வாய் திறந்தார்கள். அப்போதும் பெரும்பாலும் வரும் விடை, மேலிடத்து உத்தரவு என்பதே.

உலகம் முழுவதும் அந்த விடை ஒன்றுதான். ருமேனியா நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்த சிறைகள் பல. சிகெத் என்ற ஊரின் சிறையில் நம் கிரேக்கக் கத்தோலிக்க ஆயர்கள் உயிர்நீத்தார்கள். சிறையில் வாடிய அந்நாட்டு ஆயர்கள் ஏழு பேரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 ஜூன் 2 அன்று பிளாஜ் நகரில் அருளாளர்களாக உயர்த்தினார். இராம்னிக்கு சராத் என்ற மற்றொரு சிறையில், கைதிகள் பேசுவதே குற்றம். 1956 முதல் 1963 வரை அதன் பொறுப்பாளராக இருந்தவர் அலெக்சாந்துரு விசினெஸ்கு. ஆட்சி கவிழ்ந்து கால் நூற்றாண்டுக்குப் பின், அவர் 90 வயதை நெருங்கியபோது, வழக்கு வந்தது. தாம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகவே அவர் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக 20 ஆண்டு தண்டனை விதித்தது. முதுமையில் தாமே கைதியானார்; 2018இல் இறந்தார்.

முதியவரைத் தண்டிப்பதில் என்ன பயன் என்று சிலர் கேட்டிருக்கலாம். நான் வேறு விதமாக எண்ணிப் பார்க்கிறேன். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளாவது, உள்ளே நடந்ததைத் தாமாக முன்வந்து சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஒப்புரவு அருளடையாளத்தை நாம் அறிவோம். பாவம் சொல்லப்படாத வரை அது நம்மோடு ஒரே அறையில் குடியிருக்கிறது. சொன்னால்தான் கதவு திறக்கிறது. காவலருக்கும் திறக்கப்பட வேண்டிய கதவு ஒன்று உண்டு.

கம்பியும் குறடும்

அந்தக் கதவு திறந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. அது வியட்நாமில் நடந்தது. கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1928இல் ஹுவே நகரில், மறைசாட்சிகளின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். தென் வியட்நாமின் முதல் குடியரசுத் தலைவர் அவருடைய தாய்மாமன். 1975 ஏப்ரல் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணை உதவிப் பேராயராக நியமித்தார். ஆறே நாட்களில், ஏப்ரல் 30 அன்று, சைகோன் கம்யூனிஸ்டுப் படைகளிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் 15, விண்ணேற்பு அன்னையின் திருநாளன்று, அவர் கைது செய்யப்பட்டார். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. 13 ஆண்டுகள் சிறை. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

தனிமைச் சிறையில் அவரோடு இருந்தவர்கள் காவலர்கள் மட்டுமே. அவரோடு பேசக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. தொடக்கத்தில் அவர் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்பதோடு சரி. தம்மிடம் என்ன இருக்கிறது கொடுக்க என்று ஆயர் யோசித்தார். பொருள் எதுவும் இல்லை. ஆகவே புன்னகையைக் கொடுத்தார். தாம் சென்ற நாடுகளைப் பற்றி, அங்குள்ள மக்களைப் பற்றிச் சொன்னார். கேட்க ஆவல் வந்தது. பின் அவர்களுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தார். காவலர்கள் மாணவர்கள் ஆனார்கள்.

இந்த ஆயரால் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சி, மேலதிகாரிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காவலர்களை மாற்றினார்கள். சில காலம் கழித்து மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மாற்றிக்கொண்டே போனால் காவல்துறை முழுவதையும் இவர் கெடுத்துவிடுவார் என்பது காரணம்! கர்தினால் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி இது.

மலைப்பகுதி முகாம் ஒன்றில் விறகு வெட்டும் வேலை. சிலுவை வடிவில் ஒரு சிறு மரத்துண்டு வெட்டிக்கொள்ள விரும்புவதாக அங்கிருந்த காவலரிடம் கேட்டார். சமயச் சின்னம் வைத்திருப்பது குற்றம். காவலர் தயங்கினார். நண்பர் கேட்கிறார் என்பதற்காகப் பார்க்காதவர் போல் நகர்ந்துகொண்டார். அந்த மரச்சிலுவையை ஆயர் சோப்புக் கட்டிக்குள் மறைத்து வைத்தார். பின்னர் ஹனோய்க்கு அருகில் இருந்த சிறையில், மற்றொரு காவலரிடம் மின்கம்பித் துண்டு கேட்டார். தூக்கு மாட்டிக்கொள்ளப் போகிறாரோ என்று காவலர் பதறினார். சிலுவைக்குச் சங்கிலி செய்ய வேண்டும் என்றார் ஆயர். சில நாட்கள் கழித்து அந்தக் காவலர் குறடும் கம்பியுமாக வந்தார். அடுத்த காவலர் பணிக்கு வருமுன் முடித்துவிட வேண்டும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, கம்பியை வெட்டி, வளைத்து, கண்ணி கண்ணியாய்க் கோத்தார்கள். விடுதலைக்குப் பின்பும், உரோமையில் கர்தினாலான பின்பும், அவர் மார்பில் கிடந்த சிலுவையும் சங்கிலியும் அவைதான்.

இன்னொரு காவலருக்கு இலத்தீன் கற்க ஆசை. பாட்டு ஒன்று சொல்லிக்கொடுக்கக் கேட்டார். தூய ஆவியாரை அழைக்கும் பழைய இலத்தீன் பாடலை ஆயர் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு காலைதோறும் அந்தக் கம்யூனிஸ்ட் காவலர் மரப்படியில் இறங்கி வரும்போது அதைப் பாடிக்கொண்டே வருவார். பேராயர் பாட முடியாத சிறையில் காவலர் வாயால் தூய ஆவியார் அழைக்கப்பட்டார். பிலிப்பியில் கைதிகள் பாடினார்கள், காவலர் தூங்கினார். இங்கே காவலரே பாடினார்.

ஒருநாள் காவலர் ஒருவர் கேட்டார்: எங்களை உண்மையாகவே நேசிக்கிறீர்களா? ஆம் என்றார். விசாரணையே இல்லாமல் இத்தனை ஆண்டு அடைத்து வைத்திருக்கிறோமே, அப்படியும் நேசிக்க முடியுமா என்று கேட்டார். இயேசு கற்பித்தது அதுதான், நேசிக்காவிட்டால் தாம் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர் என்றார் ஆயர். புரிந்துகொள்ளக் கடினமாக இருக்கிறது என்றார் காவலர். நமக்கும் கடினமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆயரை உளவு பார்க்கவே உடன் வைக்கப்பட்டிருந்த ஒருவர் நண்பராகி, பிரியும்போது, லாவாங் அன்னையின் திருத்தலம் தம் ஊருக்கு அருகில் இருப்பதாகவும், அங்குப் போய் ஆயருக்காக வேண்டுவதாகவும் சொல்லிப் போனார். நமக்கு வேளாங்கண்ணி எப்படியோ அப்படி வியட்நாம் மக்களுக்கு லாவாங். 1972இல் போரில் கோவில் சிதைந்து போன இடம். ஆயர் அதை நம்பவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தனிமைச் சிறைக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. மழை இல்லாத ஞாயிறுகளில் சைக்கிளில் அங்குப் போவதாகவும், தமக்குச் செபம் தெரியாது, ஆனாலும் அவருக்கு வேண்டியதைக் கொடுக்கும்படி அன்னையிடம் கேட்பதாகவும் எழுதியிருந்தார்.

1988 நவம்பர் 21, அன்னை மரியா கோவிலில் காணிக்கையான திருநாளன்று, ஆயர் விடுதலையானார். 2000ஆம் ஆண்டு தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கே தியான உரை ஆற்றினார். 2001இல் கர்தினாலானார். 2002 செப்டம்பர் 16 அன்று இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அந்தக் காவலர்கள் ஆட்சியை எதிர்த்துப் புரட்சி செய்யவில்லை. கதவைத் திறந்துவிடவும் இல்லை. காவல் செய் என்ற கட்டளையை நிறைவேற்றினார்கள். ஆனால் கட்டளைக்கும் செயலுக்கும் நடுவிலிருந்த சிறிய இடைவெளியில் தொழுமரத்தை வைக்காமல் ஒரு குறட்டை வைத்தார்கள். அது போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. 13 ஆண்டு அநீதி அநீதிதான். ஆனால் அந்த 13 ஆண்டுகளில் கிறிஸ்து அச்சிறையில் இருந்தார் என்பதற்கு அந்தச் சங்கிலி சான்று.

ஓர் உறிஞ்சுகுழல்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், உபா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு, நவி மும்பைக்கு அருகில் உள்ள தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழலும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் இழுத்தது. அந்த நாட்களில் உடனிருந்த கைதிகள் அவர் உண்ணவும் குளிக்கவும் உதவியதை அவரே நன்றியோடு எழுதினார். வழக்கு விசாரணை தொடங்காமலே, பிணையும் கிடைக்காமலே, 2021 ஜூலை 5 அன்று மும்பைத் திருக்குடும்ப மருத்துவமனையில் அவர் இறந்தார்.

வழக்கின் நியாயத்தை விட்டுவிடுவோம். முதியவருக்கு உறிஞ்சுகுழல் கொடுக்க எந்தச் சட்டம் தடை செய்தது? கொடுக்காதே என்று யாராவது எழுத்தில் உத்தரவிட்டிருப்பார்களா? அந்த இடைவெளியில் பலர் கைகட்டி நின்றார்கள். அதே இடைவெளியில் ஏழைக் கைதிகள் சிலர் ஒரு முதியவருக்குச் சோறு ஊட்டினார்கள்.

நம் கையில் உள்ள சாவி

அன்பு நேயர்களே, நம்மில் பெரும்பாலோர் சிறைக்காவலர்கள் அல்லர். ஆனால் ஏதோ ஒரு சாவி நம் எல்லார் கையிலும் இருக்கிறது. அலுவலகத்தில் விண்ணப்பத்தை நகர்த்துபவர், மருத்துவமனை வாசலில் உள்ளே விடுபவர், கடன் வசூலிக்கப் போகிறவர், பள்ளியில் கட்டணம் கட்டாத பிள்ளையை வெளியே நிறுத்தச் சொல்லப்படும் ஆசிரியர், அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்கார அம்மாவின் பையைச் சோதிக்கச் சொல்லப்படும் காவலாளி. மேலே இருந்து வந்த உத்தரவு என்கிறோம். உத்தரவு எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு என்று இன்றிரவு ஆன்ம சோதனையில் பிரித்துப் பார்ப்போம். உத்தரவே தவறாக இருந்தால், முடியாது என்று சொல்லும் துணிவையும் கேட்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சான்றில் மனிதன் கடவுளோடு தனித்திருக்கிறான் என்று கற்பிக்கிறது. அங்கே மேலதிகாரி உடன் வர மாட்டார்.

சிறைத்துறையில் பணியாற்றும் சகோதரர்கள், சகோதரிகள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். பண்டிகை நாளிலும் பணிக்குப் போகிறவர்கள். அவர்களும் மதில்சுவருக்குள்தான் வாழ்நாளைக் கழிக்கிறார்கள். அவர்களைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர்கள் மனத்தில் இருப்பதைச் சொல்ல வந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். கைதியின் பிள்ளை மறைக்கல்வி வகுப்புக்கு வந்தால், தந்தை எங்கே என்று கேட்டுத் தலைகுனிய வைக்காதீர்கள். சிறைப்பணிக் குழுவினர் புழலுக்குப் போகும்போது, உங்களால் முடிந்தால் உடன் செல்லுங்கள். முடியாதவர்கள் சோப்பு, துண்டு, நோட்டுப் புத்தகம் கொடுத்து உதவுங்கள்.

இன்று குடும்ப செபத்தில், கைதிகளுக்காகச் சொல்லும் மன்றாட்டோடு இன்னொரு மன்றாட்டையும் சேர்த்துக்கொள்வோம். ஆண்டவரே, இந்த இரவில் எங்கோ ஒரு சிறையில் கையில் சாவியோடு நடந்துகொண்டிருக்கும் காவலரை நினைத்தருளும். அவர் கை தொழுமரத்தைத் தேடாமல் தண்ணீரைத் தேடச் செய்தருளும். எங்கள் கைகளையும் அவ்வாறே வழிநடத்தியருளும். ஆமென்.